பெலிக்ஸின் குரலை நான் திருத்திய கதை

ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் புதிதாக வந்து உட்கார்ந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முப்பத்திரண்டு வருடத்தில் நான் ஒழுங்காகச் செய்த வேலைகளைப் பற்றிக் கேட்க வேண்டுமானால் என் மனைவியிடம் போங்கள். அவளிடம் நான் அள்ளிவிட்ட பெருமைகள் ஏராளம் இருக்கின்றன. இங்கே எழுதப்போவது நான் சொதப்பிய கதை. அதுவும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, இனி நமக்குத் தெரியாதது என்ன இருக்கிறது என்று தலைக்கனம் பிடித்துத் திரிந்த காலத்தில், போன வருடம் சொதப்பியது. ஆனால் ஒன்று. என் தொழில் வாழ்க்கையிலேயே நான் மிகவும் குஷியாக இருந்த நாட்களும் அவைதான். இதை எழுதும்போதுகூடக் கை பரபரக்கிறது.

பெலிக்ஸ் ராயபுரத்தில் எங்கள் தெருக்காரன். என்னைவிடப் பத்து வயது சின்னவன். ஆனாலும் எனக்கு அண்ணன் பட்டமெல்லாம் தரமாட்டான், 'மாமு'தான். எர்ணாவூரில் ஒரு பட்டறையில் வெல்டர் வேலை. காலை ஷிப்ட் முடிந்து இரண்டு மணிக்கு வெளியே வந்தால் கையில் கிடார் ஏறிவிடும். பட்டறைக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு ஷெட்டில் இவனும் மூன்று நண்பர்களும் சேர்ந்து கிரஞ்ச் வாசிப்பார்கள். கிரஞ்ச் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கிடாரை உறுமவிட்டு, பாட்டை அழகு பார்க்காமல் அடிவயிற்றிலிருந்து இழுத்துப் பாடுகிற ராக் வகை அது. அமெரிக்காவில் எப்போதும் மழை பெய்கிற ஏதோ ஓர் ஊரில் பிறந்தது என்பார்கள். வெயிலும் புகையுமாகக் கிடக்கிற எர்ணாவூருக்கு அது எப்படி இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பெலிக்ஸ் அதை நம் மெட்ராஸ் பாஷையிலேயே பாடினான். 'பொகையில பொறந்த சூரியனே, மூஞ்ச கழுவிகினு வா' என்று அவன் எழுதிய வரியை நான் முதலில் கேட்டபோது சிரித்தேன். இரண்டாம் முறை கேட்டபோது சிரிப்பு வரவில்லை.

இருபது வருடத்துக்கும் முன்னால் ஒரு நாள் கிடாரை முதுகில் மாட்டிக்கொண்டு, ரயில் மாறி பஸ் மாறி, வடபழனியில் நான் வேலை பார்த்த கூடத்துக்கு வந்துவிட்டான். "மாமு, ஒரே ஒரு பாட்டு. உன் மிஷின்ல ஏத்திக் குடு" என்றான். இரண்டு ரெக்கார்டிங்குக்கு நடுவே அரை மணி நேரம் இருந்தது. சரி வாசி என்றேன். வாசித்தான். நான் கிடாருக்குச் சுருதி பார்க்கும் மீட்டரை எடுத்து முன்னால் வைத்தேன். முள் எந்த ஸ்வரத்திலும் நிற்கவில்லை. எல்லாத் தந்தியும் கொஞ்சம் கொஞ்சம் கீழே.

"டேய், மொதல்ல கிடாருக்கு சுதி சேத்துகினு வா. ரெக்கார்டிங்க பத்தி அப்பால பேசலாம்."

"சேந்துதான் மாமு கீது."

"மீட்டரப் பாருடா."

"மீட்டருக்கு இன்னா மாமு தெரியும், அது நம்ம ஏரியாவா?"

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும்தான். என் உதவியாளர்கள் முன்னால் நான் பெரிய ஆளாகக் காட்டிக்கொள்ள அன்றைக்கு அது வசதியாக இருந்தது. பெலிக்ஸ் கோபப்படவில்லை. கிடாரைப் பைக்குள் வைத்தான், நான் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்தான், போய்விட்டான். எங்கள் சினேகம் எப்போதும்போல ஓடியது. அவன் கல்யாணத்துக்கு நான்தான் மைக் செட் வைத்தேன். ஆனால் ரெக்கார்டிங் என்று அவன் என்னிடம் மறுபடி வாயே திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. 

ஐம்பது வயதில், வேலை செய்துகொண்டிருந்த இடத்திலேயே மாரடைப்பு வந்து போய்ச் சேர்ந்தான்.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்தின் வாசலில் நின்றபோது அசோகன் என் தோளைப் பிடித்தான். அசோகன் பெலிக்ஸ் குழுவின் டிரம்ஸ்காரன், வியாசர்பாடி ஆள், துறைமுகத்துக் கன்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். "மாமு, இவன் பாட்டெல்லாம் மண்ணுக்குள்ள போவக்கூடாது. ஒரு ஆல்பம் போடணும். நீதான் செய்யணும்" என்றான். தலையாட்டினேன். என்னவோ கடன் பட்டவன் போலத்தான் தலையாட்டினேன்.

செய்தி பரவியதும் மூன்று இளம் பேண்டுகள் தாமாக வந்தன. மாதா கோயில் திருவிழா மேடைகளில் பெலிக்ஸைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள். அதில் ஒன்று பெரம்பூர்ப் பெண்கள் சேர்ந்து நடத்தும் பேண்டு. நிவேதா என்ற பெண் அதில் கிடார் வாசிக்கிறாள், வாயும் கையும் ஒரே வேகம். பெலிக்ஸின் மனைவி ஜெசிந்தா ஒரு கேசட்டைக் கொடுத்தாள். கப்பலுக்குப் போன மச்சான் ஒருவன் வாங்கி வந்த நாலு டிராக் கேசட் மெஷினில், அந்த ஷெட்டிலேயே அவர்கள் பதிவு செய்த நான்கு பாட்டு. குரல் ஒரு தடத்தில், கிடார் ஒரு தடத்தில் என்று தனித்தனியாக இருந்தது. அவன் குரலை அப்படியே எடுத்துக்கொண்டு, சுற்றிலும் இந்தப் பிள்ளைகள் புதிதாக வாசிப்பது என்று திட்டம். முதலாம் ஆண்டு நினைவுப் பூசை முடிந்ததும் கோயில் ஹாலில் எல்லோரையும் உட்காரவைத்து ஆல்பத்தைப் போட்டுக் காட்டுவது என்று ஏற்பாடு.

இனிமேல்தான் என் வண்டவாளம். கவனமாகப் படியுங்கள்.

கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் முக்கால் நிமிடத்துக்குக் கரகரப்பும் தட்டுமுட்டுச் சத்தமும் இருப்பது திரையில் கோடாகத் தெரிந்தது. வழக்கமான குப்பை. கேட்கக்கூட இல்லை, நான்கையும் வெட்டிக் கடாசினேன். பிறகு சுருதியைப் பார்த்தால், ஒரு பாட்டு கொஞ்சம் கீழே, அடுத்தது இன்னும் கீழே, மூன்றாவது அதைவிடச் சற்று மேலே, ஆனால் அதுவும் கீழேதான். நான்கும் நான்கு விதம். எனக்குப் பரம சந்தோஷம். வியாதி கிடைத்த டாக்டருக்கு வருமே, அந்தச் சந்தோஷம். மெஷினின் மோட்டார் தேய்ந்துபோய் நாடா மெதுவாக ஓடியிருக்கிறது, வேறென்ன? ஒவ்வொரு பாட்டுக்கும் வேகத்தைக் கூட்டி, உலகம் முழுக்க வாசிக்கிற சுருதிக்குக் கொண்டுவந்து நிறுத்தினேன். முள் அசையாமல் நடுவில் நின்றது. 'பாருடா பெலிக்ஸு, உன் கிடாருக்கு இப்போதான் சுதி சேந்துகீது' என்று வாய்விட்டே சொன்னேன்.

அவன் குரல் எனக்குத் தெரியாததா? நன்றாகத் தெரியும். ஆனால் அந்த இரண்டு நாளும் நான் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கண் வேலை செய்யும்போது காது தூங்கிவிடுகிறது.

பேண்டுகளுக்கு அனுப்பினேன். பிள்ளைகள் லீவு போட்டு, என் பழைய கூடத்துக்கு வந்து, உயிரைக் கொடுத்து வாசித்தார்கள். ஒரு பாட்டுக்கு அசோகனே டிரம்ஸ் அடித்தான். எல்லாம் சேர்த்து முடித்தபோது பூசைக்குப் பதினோரு நாள் இருந்தது. முதலில் ஜெசிந்தாவுக்குப் போட்டுக் காட்டுவோம் என்று ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு திருவொற்றியூருக்குப் போனேன். அவள் மின்சார ரயில் நிலையத்தில் டிக்கெட் கவுண்டரில் வேலை பார்க்கிறாள். அன்றைக்கு மாலை ஷிப்ட், மதியம் வீட்டில் இருந்தாள்.

முதல் பாட்டை முழுக்கக் கேட்டாள். கையை மடியில் வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்த ஆபீசர் பேச்சைக் கேட்பதுபோலக் கேட்டாள். முடிந்ததும், "டீ போடவாண்ணா?" என்றாள்.

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. "எப்டிம்மா கீது?"

"நல்லாத்தான் கீது. ஆனா இது யாருண்ணா?"

"இன்னாம்மா இப்டிக் கேட்டுட்ட? நம்ம பெலிக்ஸ்தான்!"

"அவரு தம்பி யாருனா பாடினா இப்டி இருக்கும். அவருக்குத்தான் தம்பியே கெடையாதே."

நான் மோட்டார் தேய்ந்தது, நாடா மெதுவாக ஓடியது என்று வகுப்பெடுத்தேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அதெல்லாம் எனக்குத் தெரியாதுண்ணா. இருவது வருசம் அந்தக் குரலு பக்கத்துலதான் தூங்கி எழுந்தேன். சட்டையெல்லாம் குடுத்தாச்சு, செருப்பக் குடுத்தாச்சு. எனக்குன்னு மிச்சம் கீறது அந்தக் குரலு ஒண்ணுதான். இப்பவே கொஞ்சம் கொஞ்சமா மறந்துகினு வருது. இத்த நாலு வாட்டி கேட்டேன்னு வையி, இதுதான் மனசுல குந்திக்கும், அவுரு போயிடுவாரு. அவுரு வந்து பாடறதா இருந்தா ஹால்ல போடுங்க. இவுரு வாணாம். வெறும் பூசையோட வுட்ரலாம்."

டீயைக் குடித்தேனா இல்லையா என்று நினைவில்லை. தெருவுக்கு வந்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். முப்பத்திரண்டு வருடம் இதே வேலை பார்த்தவனுக்கு டிக்கெட் கிழிக்கிறவள் பாடம் நடத்துவதா என்றுகூடத் தோன்றியது. இந்தக் கோபம் உங்களுக்கும் வரும். வரும்போது ஒரு காரியம் செய்யுங்கள். உடனே பதில் சொல்லாமல், அந்த வேலையைப் பற்றி உங்களைவிடக் கொஞ்சமாவது வேறு மாதிரித் தெரிந்தவன் ஒருவனிடம் போங்கள். நான் அசோகனிடம் போனேன்.

துறைமுக கேட் எதிரே டீக்கடையில் அவன் வடையைப் பிய்த்துக்கொண்டிருந்தான். "டேய், ஜெசி இது பெலிக்ஸே இல்லன்றா. நீயும்தான் கூட வாசிச்ச. உனக்கு ஒண்ணும் தோணலியா?"

"எனக்கு இன்னாமோ சிறுசா கீதேன்னு தோணிச்சு மாமு. நான் டிரம்ஸ்காரன், எனக்கு இன்னாத்துக்கு சுதி? நீ பெரியாளு, கரீட்டாதான் செஞ்சிருப்பேன்னு கம்முனு அடிச்சிட்டுப் பூட்டேன்."

"நாலு பாட்டும் நாலு சுதிடா. மோட்டாரு தேஞ்சு போச்சு."

அசோகன் மெல்லுவதை நிறுத்தினான். "மோட்டாரா? எந்த மோட்டாரு? அந்த மிஷினு அப்போ புச்சு மாமு, பிளாஸ்டிக் கவரு கூடப் பிரிக்கல. நாலு பாட்டும் நாலு நாளு எடுத்தது. நாலு நாளும் ஒரே சுதி எப்டி வரும்?"

"ஏன் வராது?"

"சங்கு ஒரே மாதிரியா ஊதும்?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவன் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு விளக்கினான். அந்த ஷெட்டில் யாரிடமும் சுருதி மீட்டர் கிடையாது. ஷெட்டுக்கு அடுத்த மதில் ஒரு தொழிற்சாலை. மதியம் இரண்டரைக்கு ஷிப்ட் மாறும் சங்கு ஊதும், அரை நிமிடத்துக்குக் குறையாமல் ஒரே சீராக நிற்கும். சங்கு வந்ததும் பெலிக்ஸ் எல்லோரையும் அதட்டி அடக்கிவிட்டு, அடித் தந்தியை அந்தச் சங்குக்குச் சேர்ப்பான். மற்றதெல்லாம் அதிலிருந்து. கரன்ட் குறைவாக வருகிற நாளில் சங்கும் கொஞ்சம் இறங்கி ஊதும், அன்றைக்கு எல்லாப் பாட்டும் இறங்கும். "சங்குக்குச் சேக்காம ஒரு நாளும் வாசிச்சதில்ல மாமு. உனக்குத் தெரியாதா? அந்த கேசட்லயே இருக்குமே. பாட்டுக்கு முன்னாடி சங்கு ஊதுமே!"

பாட்டுக்கு முன்னாடி. நான் வெட்டிக் கடாசிய முக்கால் நிமிடம்.

அங்கிருந்து எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்று கேட்காதீர்கள். கேசட் பத்திரமாக இருந்தது, அதற்காக எந்தச் சாமிக்கும் நன்றி சொல்வேன். மெஷினில் போட்டு, முதல் பாட்டை ஆரம்பத்திலிருந்து கேட்டேன். முதலில் நாற்காலி இழுக்கிற சத்தம். யாரோ இருமினார்கள். பிறகு பெலிக்ஸ், "ஏய், சொம்மாரு... இரு இரு, வருது பாரு" என்றான். தூரத்தில் சங்கு எழும்பியது. ஏறி, ஓர் இடத்தில் நின்றது. அதற்குள் கிடாரின் அடித் தந்தி மெல்ல மெல்ல இறங்கி வந்து, சங்கோடு சரியாக ஒட்டிக்கொண்டது. இரண்டும் ஒன்றான அந்த நொடியில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. முப்பத்திரண்டு வருடத்தில் இவ்வளவு சுத்தமாகச் சுருதி சேர்ந்து நான் கேட்டது கொஞ்சம்தான்.

இரண்டாவதிலும் சங்கு. மூன்றாவதிலும். நான்காவது பாட்டுக்கு முன்னால் சங்கு ஊதி முடித்து, தந்தியெல்லாம் சேர்த்த பிறகு, பெலிக்ஸ் பக்கத்தில் யாரிடமோ பேசுகிறான்: "இத்த மாமுக்குப் போட்டுக் காட்டணும்டா. இன்னிக்கி சேந்துகீது பாரு, மயிரிழ கூடப் பிசகல. இத்தக் கேட்டாலாவது சுதி சேந்துச்சுன்னு சொல்லுவான்ல?"

அவன் போட்டுக் காட்டவே இல்லை. நான் மறுபடியும் சிரித்துவிடுவேன் என்று நினைத்தானோ என்னவோ. வீட்டில் யாருமில்லை, நன்றாக அழுதேன். உயிரோடு இருந்தவனிடம் 'சுதி சேத்துகினு வா' என்றேன். செத்தவனைக் கேட்காமலே நானே சேர்த்துவிட்டேன். ஒரே தப்பை ஒரே ஆளிடம் இரண்டு தடவை செய்திருக்கிறேன்.

அழுது முடித்தபின் வேலை பாக்கியிருந்தது. பத்து நாள். குறுக்கு வழி ஒன்று கையருகிலேயே இருந்தது: குரலைப் பழையபடி இறக்கிவிட்டு, பிள்ளைகள் வாசித்ததையும் கம்ப்யூட்டரில் அதே அளவுக்கு இறக்கிவிடலாம். செய்தும் பார்த்தேன். கிடாரெல்லாம் சேற்றில் மாட்டிக்கொண்ட லாரி மாதிரி முனகின. இருந்தாலும் கேட்பவர்களில் பாதிப் பேருக்கு அது தெரியாது. ஆனால் நம்மைச் சோதிக்க வந்தது அந்தப் பாதிப் பேர் இல்லையே. தெரிகிறவள் ஒருத்தி திருவொற்றியூரில் இருக்கிறாள். மூன்று பேண்டையும் திரும்பக் கூப்பிடுவது என்று முடிவெடுத்தேன்.

இந்த மாதிரிப் போனை எப்படிப் பேசுவது என்று சொல்கிறேன். 'ஒரு சின்ன பிரச்சினை' என்று ஆரம்பிக்காதீர்கள். நிவேதாவுக்குப் போன் போட்டு, முதல் வாக்கியத்திலேயே, "தப்பு என்னுதும்மா, நீங்க வாசிச்சதெல்லாம் வீணாப் போச்சு" என்றேன்.

"அங்கிள், விளையாடாதீங்க! மூணு பேரு லீவு போட்டு வந்தோம். டிரம்ஸ் சாந்தி அவங்க மேனேஜர்கிட்ட பொய்யே சொல்லிட்டு வந்தா!"

"திட்டும்மா. திட்டி முடி, அப்பால விஷயத்தச் சொல்றேன்."

திட்டினாள். சங்குக் கதையைச் சொன்னேன்.

"அங்கிள்..." என்றாள், குரலே மாறிவிட்டது. "சங்குக்கா ட்யூன் பண்ணாங்க? ஃபேக்டரி சங்குக்கா? ஐயோ, செம அங்கிள்! எங்களுக்கு மெர்சலாகுது! ஏன் அங்கிள் இத முன்னாடியே சொல்லல? கூடத்துல வேணாம். அந்த ஷெட்டுலயே வாசிக்கலாம், அந்தச் சங்க நேர்ல கேக்கணும்!"

மற்ற இரண்டு பேண்டும் அப்படித்தான். யாரும் வரமாட்டேன் என்று சொல்லவில்லை. அடுத்த ஆறு நாளும் எர்ணாவூர் ஷெட்டில் திருவிழா. நான்கு பாட்டுக்கும் பெலிக்ஸின் கேசட்டில் இருந்த சங்கையே கேட்டு, அந்தந்த நாளின் சுருதிக்குப் பிள்ளைகள் தந்தியைச் சேர்த்தார்கள். அவன் குரலை நான் தொடவே இல்லை. தேய்ந்த இடம், உடைந்த இடம், மூச்சு வாங்கிய இடம், எல்லாம் அப்படியே. பக்கத்துப் பட்டறையில் கிரைண்டர் ஓடினால் நிறுத்தச் சொல்லிப் போய் நின்றேன். "பெலிக்ஸு பாட்டா? தோ நிறுத்திட்டோம் நைனா" என்று அவர்களே கதவருகில் வந்து நின்றுகொண்டார்கள்.

கடைசி நாள்தான் உச்சம். பெலிக்ஸின் நோட்டில் நான் முன்பே சொன்ன அந்தப் பாட்டும் இருந்தது, 'மூஞ்ச கழுவிகினு வா'. அதை அவன் பதிவு செய்யவே இல்லை. அதை மூன்று பேண்டும் சேர்ந்து, அவன் முறைப்படியே, அன்றைய சங்குக்குச் சேர்த்து ஒரே மூச்சில் வாசிப்பது என்று முடிவு. இரண்டு மணியிலிருந்தே ஐந்து கிடாரோடு பிள்ளைகள் ஷெட்டுக்குள் நெருக்கியடித்து நின்றார்கள். மின்விசிறி சோம்பலாகச் சுற்றியது. கரன்ட் குறைவு.

இரண்டரை. சங்கு எழும்பியது. அசோகன் ஒரு கத்து கத்தினான், "ஏய், சொம்மாரு!" எல்லோரும் கப்சிப். சங்கு ஏறியது, ஏறியது, எதிர்பார்த்த இடத்துக்கு வெகு முன்பே நின்றுவிட்டது. முந்தின நாட்களைவிட அவ்வளவு கீழே. ஐந்து கையும் தந்தி முறுக்கும் சாவியைத் திருகின. தந்திகள் தொளதொளத்து மரத்தில் மோதின. என் கை தானாகச் சட்டைப் பைக்குள் போனது. முப்பது வருடப் பழக்கம், மீட்டர் அங்கேதான் இருந்தது. 

நிவேதா பதறினாள். "அங்கிள், ரொம்பக் கீழ இருக்கு! தந்தி நிக்கவே மாட்டேங்குது. நாளைக்கு எடுக்கலாமா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நாளை என்றால் ஆல்பத்தைக் கோர்த்து முடிக்க நேரம் இருக்காது. ஆனால் அதை நினைத்து நான் முடிவெடுக்கவில்லை. கேசட்டில் அவன் பேசியது காதில் இருந்தது. மீட்டரை எடுத்து, பின்பக்கம் திறந்து, பேட்டரியைக் கழற்றி அசோகன் கையில் கொடுத்தேன். 

"இன்னிக்கி சங்கு இன்னா சொல்லிச்சோ அதான் சுதி. வாசிங்க!" என்றேன்.

"அப்டி சொல்லு மாமு!" என்று அசோகன் குச்சிகளைத் தட்டினான்.

வாசித்தார்கள் பாருங்கள்! தொளதொளத்த தந்திகள் அடித்த அடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை கிடுகிடுத்தது, மேலேயிருந்து தூசு கொட்டியது. நிவேதா 'மூஞ்ச கழுவிகினு வா' என்று தொண்டை கிழியக் கத்த, கதவருகில் நின்ற வெல்டர்கள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவர்களும் சேர்ந்து கத்தினார்கள். அந்தக் கத்தலும் என் மைக்கில் விழுந்தது. வெட்டவில்லை. நான் மெஷின் முன்னால் உட்கார்ந்துகொண்டு, அறுபத்தொரு வயதில், ஸ்டூல் மேல் ஏறிக் குதிக்காத குறை. ஒரே டேக். பெரிய பெரிய கூடங்களில் கண்ணாடிக்குப் பின்னால் நான் உட்கார்ந்திருந்த வருடங்களில் இந்தச் சந்தோஷம் எனக்கு ஒரு நாளும் வந்ததில்லை. இரண்டாவது டேக் வேண்டுமா என்று யாரும் கேட்கவே இல்லை.

பூசைக்கு இரண்டு நாள் இருக்கும்போது மறுபடி ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு திருவொற்றியூர் போனேன். ஜெசிந்தா கதவைத் திறந்தாள், நாற்காலியைக் காட்டினாள். போன தடவைபோலவே கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இவள் வேண்டாம் என்றால் அவ்வளவுதான், அத்தனை பிள்ளைகளின் உழைப்பும் பீரோவுக்குள் போய்விடும். அதைவிட, இவளிடம் மிச்சமிருப்பதையும் நான் தொலைத்தவனாகிவிடுவேன்.

பொத்தானை அழுத்தினேன்.

நாற்காலி இழுபட்டது. யாரோ இருமினார்கள். "ஏய், சொம்மாரு... இரு இரு, வருது பாரு." சங்கு எழுந்து நின்றது. தந்தி இறங்கி வந்து ஒட்டிக்கொண்டது. கிடார் உறுமியது, பெலிக்ஸ் அடிவயிற்றிலிருந்து முதல் வரியை இழுத்தான்.

ஜெசிந்தாவின் கை மடியை விட்டு எழுந்தது. முகம் சிவந்தது. ஸ்பீக்கரைப் பார்த்து விரலை நீட்டினாள்.

"எத்தினி வாட்டி சொல்லிகீறேன்! பட்டறப் பொகைய இழுத்துகினு வந்து ஒடனே கத்தாதே, தொண்ட புண்ணாப் பூடும்னு எத்தினி வாட்டி! சொன்னா கேட்டாதான! பாருங்கண்ணா, எப்டிக் கத்துது பாருங்க இந்த ஆளு! ராத்திரிக்கு வெந்நி வெச்சுக் குடுக்கறது யாரு, நானுதான!"

பாட்டு முடியும் வரை நிறுத்தவில்லை. இருபது வருடத்துத் திட்டையும் அந்த நான்கு நிமிடத்தில் திட்டித் தீர்த்தாள், கண்ணிலிருந்து கொட்டிக்கொண்டே இருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். கடைசித் தந்தி அடங்கியதும் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள், எழுந்து நின்றாள்.

"ஹாலுக்கு எத்தினி சேர் சொல்லட்டும்ணா?" என்றாள்.